பெரியவர் வேட்டி

வைரக்கண்ணு வீட்டில் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது என்று எனக்குச் சொன்னவர்கள் ஒருவர்கூடச் சிரித்த முகத்தோடு சொல்லவில்லை. மளிகைக் கடைக்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அங்கன்வாடி ஆயா, "பொட்டப்புள்ளயா பொறந்திருக்கக் கூடாதா" என்று உச்சுக்கொட்டினாள். பெண் பிறந்தால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்ளும் ஊரைத்தான் இத்தனை வருஷமாகப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். இங்கே எல்லாம் தலைகீழாக இருந்தது.

நான் கிராம செவிலியர். மீன்சுருட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் பிள்ளை பெற்று வீடு திரும்பியவர்களைப் போய்ப் பார்ப்பது, பச்சைக் குழந்தையை எடை போட்டு, மூச்சு, சூடு, தொப்புள், பால் குடிக்கிற விதம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று சோதிப்பது என் வேலை. மணிமொழி என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது, கூப்பிடத்தான் ஆளில்லை. நர்சம்மா என்றால்தான் ஊருக்குத் தெரியும். நர்சம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதும் தெரியும்.

"அந்த வூட்டுல ஆம்பளப் புள்ள தங்காது நர்சம்மா" என்றாள் ஆயா. வைரக்கண்ணுவின் மனைவி பெற்ற பையன்கள் இருவருமே பேர் வைப்பதற்கு முன் போய்விட்டார்களாம். தனம், லாவண்யா என்ற இரண்டு பெண்கள்தான் மிஞ்சினார்கள். மூத்தவள் தனத்தைப் பாடாலூரில் கட்டிக்கொடுத்தார்கள். அவள் தலைப்பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்தாள், பையன் பிறந்தான், அவனுக்கும் அதே வீட்டில் மஞ்சள் காமாலை கண்டது, அவனும் போய்விட்டான். அதற்குப் பிறகு பாடாலூரிலிருந்து அவளைக் கூப்பிட யாரும் வரவில்லை. தாயும் இறந்துவிட, அப்பாவுக்குச் சோறாக்கிப் போட்டுக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டாள். இப்போது இளையவள் லாவண்யா அதே வீட்டில் பையனோடு படுத்திருக்கிறாள்.

"முனி பாஞ்ச வூடுன்னு சொல்றாங்க" என்று முடித்தாள் ஆயா.

"முனிக்கு வேற வேலை இல்லையா?" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். ஆனாலும் மனசுக்குள் ஏதோ உறுத்தியது. எனக்கு முனி, காத்துக் கருப்பில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஒரே வீட்டில் மூன்று ஆண் குழந்தைகள் போனது மட்டும் நன்றாகப் படவில்லை.

வாசல் முழுக்க முந்திரிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. அதன் ஓரத்தில் வேப்பமர நிழலில் வைரக்கண்ணு உட்கார்ந்திருந்தார். "வாங்கம்மா" என்று எழுந்தார்.

"பேரன் எப்படி இருக்கான் ஐயா?"

"இருக்கான்னுதான் சொல்றாங்க. நான் இன்னும் மொகத்தப் பாக்கலம்மா."

"ஏன்?"

"பாத்துட்டா அப்புறம் மறக்க முடியாது" என்றார். மழை வருமா என்று கேட்டால் பதில் சொல்வது போலத்தான் சொன்னார்.

எனக்குச் சுருக்கென்றது. கூடவே கோபமும் வந்தது. "நீங்க பாத்தா அவன் ஒண்ணும் தேஞ்சு போயிட மாட்டான், வாங்க உள்ள" என்றேன். அவர் அசையவில்லை. முந்திரிக்கொட்டையைக் காலால் தள்ளிவிட ஆரம்பித்தார்.

உள்ளே பையன் அருமையாக இருந்தான். துணித் தொட்டிலில் தொங்கவிட்டு எடை போட்டேன், குறை சொல்ல முடியாத எடை. நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. தொப்புள் காய்ந்திருந்தது. உச்சிக்குழி தட்டையாக இருந்தது. உள்ளங்காலைச் சுண்டினேன், கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தினான். என் தொழிலில் அதைவிட நல்ல சத்தம் கிடையாது. லாவண்யா மார்பில் விட்டதும் கவ்விக்கொண்டான்.

"பாத்தியா? ஊரு வாயில மண்ணு" என்றேன். லாவண்யா சிரித்தாள். அவள் அக்கா தனம் சிரிக்கவில்லை. குழந்தையின் மூக்கருகே புறங்கையை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இருந்த நேரத்துக்குள்ளேயே அதைப் பல தடவை செய்துவிட்டாள்.

பிறகு தனம் குழந்தையை வாங்கிப் பழுப்பேறிய ஒரு வேட்டித் துணியில் சுற்றினாள். "பேரு வைக்கிற வரைக்கும் புதுத்துணி போடக் கூடாதுல்ல நர்சம்மா. இது எங்க தாத்தா வேட்டி. அப்பாவோட அப்பா. தொண்ணூறைத் தாண்டி இருந்தாரு, ஒரு நாளு படுக்கையில விழுந்ததில்ல. அவரு ஆயுசு இவனுக்கு வரட்டும்னு எடுத்திருக்கோம்."

பழைய வேட்டி மெத்தென்று இருக்கும், பச்சை உடம்பை உறுத்தாது, நானே எல்லோருக்கும் சொல்வதுதான். "துவைச்சதுதானே?" என்று கேட்டேன்.

"பெட்டியிலேர்ந்து எடுத்தது, சுத்தமாத்தான் இருக்கும். இத மட்டும் துவைக்கிறதில்ல. துவைச்சா தாத்தா ஆயுசு தண்ணியோட போயிடும்னு அம்மா சொல்லும். ஈரம் பண்ணுனா வெயில்ல காயப்போட்டு எடுத்துக்குவோம்."

"நல்லா இருக்கு உங்க நியாயம். மொதல்ல வெந்நியில அலசிப் போடு" என்று அதட்டினேன். தலையாட்டினாள். எனக்கு நேராகத் தலையாட்டிவிட்டு என் வண்டி திரும்பியதும் மறந்துவிடுவது இந்த ஊரில் எல்லோருக்கும் கைவந்த கலை. துணியில் ஒரு வாடை அடித்தது. பட்டுப்புடவையைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது வருமே, அந்த வாடை. எனக்குக் கல்யாண வீடு ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். குழந்தைக்குக் குளிர் ஆகாது என்று சொல்லி, தளர்வாக இருந்த அந்த வேட்டியை நானே அவிழ்த்து, தலையோடு சேர்த்து இறுக்கமாகச் சுற்றிக் காட்டிவிட்டு வந்தேன்.

ஒரு நாள் விட்டு மறுபடியும் போனேன். வீடு அமைதியாக இருந்தது. பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில் எனக்குப் பிடிக்காத ஒன்று அமைதி.

"ரொம்ப சமத்து நர்சம்மா" என்றாள் லாவண்யா. "ராத்திரி முழுக்க அழவே இல்ல. பாலுக்குக்கூட எழுந்திரிக்கல."

ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். குழந்தை வெளிச்சத்தில் மஞ்சளாகக் கிடந்தான்.

"மஞ்ச தேச்சுக் குளிப்பாட்டுனேன், அதான்" என்று தனம் அவசரமாகச் சொன்னாள்.

பஞ்சை நனைத்து நெற்றியைத் துடைத்தேன். பஞ்சில் மஞ்சள் வந்தது. திரும்பத் திரும்ப, பஞ்சு வெள்ளையாக வரும்வரை துடைத்துவிட்டு, நெற்றியைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தேன். அழுத்திய இடம் வெளுக்காமல் மஞ்சளாகவே இருந்தது. நெஞ்சு, வயிறு, முட்டி என்று இறங்கிக்கொண்டே வந்தேன். உள்ளங்காலும் மஞ்சள். காமாலை தலையில் ஆரம்பித்துக் காலுக்கு இறங்கும். கால்வரை வந்துவிட்டால் நேரமில்லை என்று அர்த்தம். சுண்டினேன், முனகினான். மார்பில் வைத்தால் வாய் திறக்கவில்லை. வேட்டியில் அவன் சிறுநீர் பட்ட இடம் கடுங்காப்பி கொட்டியது மாதிரி இருந்தது.

"பச்சப் புள்ளைக்கு மஞ்ச தேய்க்கச் சொன்னது யாரு? இதுல எப்புடித் தெரியும் வந்திருக்கா இல்லையான்னு?" என்று கத்தினேன்.

தனம் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "தெரியக் கூடாதுன்னுதான் தேச்சேன் நர்சம்மா. எப்ப வரும் எப்ப வரும்னு பாத்துகிட்டே இருக்க முடியல. மஞ்சளத் தேச்சுட்டா, தேச்ச மஞ்சதான்னு இருந்துடலாம்ல."

அவளை என்ன சொல்லித் திட்டுவது? ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன்.

வண்டி வந்ததும் தனம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறைக் கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள். "எம்புள்ளையையும் இப்புடித்தான் தூக்கிகிட்டு ஓடுனோம். திரும்பி வர்றப்ப ஆட்டோவுல எம்மடியில சில்லுன்னு கெடந்தான். போறதுன்னா வூட்டுலயே போவட்டும்."

"இப்ப வுட்டா கண்டிப்பா போயிடுவான். வழிய வுடு தனம்" என்றேன். லாவண்யா எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தனம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தாள்.

"அப்ப தாத்தா வேட்டியும் கூட வரணும்."

"எத வேணா எடுத்துக்க, வண்டியில ஏறு" என்றேன்.

வாசலில் வைரக்கண்ணு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோள் மட்டும் குலுங்கியது. வண்டி ஜெயங்கொண்டம் தாண்டி, சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே சங்கு ஊதிக்கொண்டு அரியலூர் நோக்கிப் போனது. பாதி வழியில் குழந்தை அழுதான். அது முதல் நாள் கேட்ட அழுகை இல்லை. மெல்லியதாக, கூர்மையாக, தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி ஒரு கீச்சல். கூடவே முதுகை வில்லாக வளைத்தான். அந்தக் கீச்சலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். மஞ்சள் மூளையின் வாசலுக்குப் போய்விட்டது. லாவண்யா, "அழுவுறான், அழுவுறான்" என்று சந்தோஷப்பட்டாள். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அரியலூர் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தையை உடனே எடுத்துக்கொண்டார்கள். தொப்புள் வழியாகக் கெட்ட ரத்தத்தை இறக்கிப் புது ரத்தம் ஏற்றினார்கள். பிறகு நீல விளக்குக்கு அடியில் கண்ணைக் கட்டி, வெறும் உடம்போடு படுக்கவைத்தார்கள். ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் லாவண்யாவின் கணவன் முத்தமிழ்செல்வன் சட்டையெல்லாம் புழுதியோடு ஓடிவந்து நின்றான். சாயங்காலம் டாக்டர் செந்தில்குமார், மஞ்சள் இறங்குகிறது என்று சொன்னபோதுதான் எனக்குக் காலில் வலி இருப்பதே தெரிந்தது. ரத்த அணுக்கள் மளமளவென்று உடைகின்றன, ஏன் என்று தெரியவில்லை, பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறேன் என்றார். தனம் துணைக்குத் தங்கிக்கொண்டாள். நான் ஊர் வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலையில் முத்தமிழ்செல்வன் போன் செய்தான். "எறங்குனது மறுபடியும் ஏறுதாம் சிஸ்டர். டாக்டருக்கே புரியல. இன்னொரு தடவ ரத்தம் மாத்தணுமாம்." அவன் குரல் உடைந்தது. "உண்மையிலயே அந்த வூட்டுல ஏதாச்சும் இருக்கா சிஸ்டர்?"

"இதோ வர்றேன்" என்று சொல்லிவிட்டு அரியலூருக்குப் பஸ் ஏறினேன். குழந்தையை அந்த வீட்டை விட்டு அரியலூர் வரைக்கும் கொண்டுபோயாகிவிட்டது. அங்கேயும் கூடவே போய்விட்டதா? பஸ்ஸில் போகும்போது, நம்பிக்கை இல்லாத நானே ஜன்னல் பக்கம் திரும்பி மீன்சுருட்டி மாரியம்மனிடம் ஏதோ சொல்லிக்கொண்டேன்.

டாக்டர் செந்தில்குமார் கையில் பரிசோதனை முடிவு வந்திருந்தது. ரத்த அணுவைக் காக்கிற ஒரு பொருள் இந்தக் குழந்தைக்குப் பிறவியிலேயே குறைவு என்றார். "இது அம்மா வழியா வர்றது சிஸ்டர். பொண்ணுங்க பெரும்பாலும் நல்லாவே இருப்பாங்க, பாதிக்கிறது பையன்களத்தான். சும்மா இருந்தா இவனுக்கும் ஒண்ணும் ஆகாது. ஏதோ ஒண்ணு பட்டா மட்டும் ரத்தம் உடையும். சில மாத்திரைங்க இருக்கு. அம்மா எதுவும் சாப்பிடலைங்கிறாங்க. அப்புறம் பூச்சி உருண்டை வாசனை. ஆனா இங்க அது ஏது? இங்க வந்த பின்னாடியும் ஏதோ பட்டுகிட்டே இருக்கு."

பூச்சி உருண்டை. பாச்சை உருண்டை என்போம் நாங்கள். பெட்டியில் துணிக்கு நடுவே போட்டு வைக்கிற வெள்ளை உருண்டை.

எனக்குக் கல்யாண வீட்டு வாடை வந்தது. டாக்டரை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன்.

தாய்மார் பால் கொடுக்கிற அறையில் லாவண்யா கட்டிலில் இருந்தாள். விளக்கிலிருந்து எடுத்து வந்த குழந்தை அவள் மடியில், ஆஸ்பத்திரியின் பச்சைத் துணியில் சுற்றி இருந்தான். பக்கத்தில் தனம். பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பச்சைத் துணியை விலக்கினேன். உள்ளே, உடம்போடு ஒட்டி, தலையோடு சேர்த்து இறுக்கமாக, நான் காட்டிக்கொடுத்தது போலவே, பெரியவரின் வேட்டி.

உருவி எறிந்தேன். லாவண்யா அலறினாள். தனம் பாய்ந்து அதை எடுக்கப் போனாள்.

"தொடாத!" என்று போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில் குழந்தைகள் எல்லாம் அழ ஆரம்பித்தன.

"வெளக்குக்கு அடியில அம்மணமா கெடக்கான் நர்சம்மா" என்று தனம் கெஞ்சினாள். "வெளியில எடுக்குற நேரத்துலயாச்சும் தாத்தா ஆயுசு ஒட்டட்டும்னு. சிஸ்டருங்க பாத்தா திட்டுவாங்கன்னுதான் உள்ள வச்சு..."

"பெட்டியில பாச்சை உருண்டை போடுவீங்களா?"

"போடாம? கரையான் அரிச்சுடும்ல. தாத்தா வேட்டிங்கறதால கொஞ்சம் கூடவே போடுவோம். தீரத்தீர அப்பா வாங்கியாந்து போடுவாரு. மறக்கவே மாட்டாரு."

பின்னாலேயே வந்த டாக்டர் வேட்டியைக் குனிந்து முகர்ந்தார். அவர் முகம் மாறியது. குழந்தையைக் குளிப்பாட்டச் சொன்னார், லாவண்யாவையும் புடவை மாற்றச் சொன்னார். அந்தத் துணி துவைக்காமல் வருஷக்கணக்கில் உருண்டையின் விஷத்தைக் குடித்துக் கிடந்திருக்கிறது, அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் இவனுக்குள் போகிறது என்று சொன்னார். தனம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். வெந்நீரில் ஒரே ஒரு தடவை அலசியிருந்தால் என்று எனக்குள் ஓடியது. அதை நின்று பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டியவள் நான்தான்.

மறுபடியும் ரத்தம் மாற்றினார்கள். அன்றைக்கும் அடுத்த நாளும் நான் ஊருக்குப் போகவில்லை. மஞ்சள் இறங்கியது, இந்த முறை ஏறவில்லை. உள்ளங்காலைச் சுண்டினேன். முதலில் முகம் கோணியது, பிறகு கத்தினான். கீச்சல் இல்லை, பழைய கத்தல். லாவண்யா மார்பில் கவ்விக்கொண்டு குடித்தான். பிழைத்துவிட்டான் என்று டாக்டர் சொன்னார். காது கேட்குமா, கை கால் அசைவு சரியாக வருமா என்பதெல்லாம் போகப்போகத்தான் தெரியும் என்றும் சொன்னார். காது கேட்காமல் போனால் கேட்கும் கருவி வைத்துக்கொள்ளலாம், ஆள் இருக்கிறானே என்று தேற்றிக்கொண்டேன்.

தனம் வெளி வராந்தா பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் கேட்கப்போவது என்ன என்று தெரிந்தேதான் போனேன்.

"எம்புள்ளைக்கும் அதான் சுத்துனேன் நர்சம்மா."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மேலு சில்லுன்னு ஆவுதேன்னு ரெண்டு மடிப்பாச் சுத்துனேன். ஆட்டோவுல போறப்பவும் அதுலதான் சுத்தி வச்சிருந்தேன்."

பொய் சொல்லத்தான் வாயெடுத்தேன். அவனுக்கு வேறு ஏதாவது இருந்திருக்கும் என்று ஆரம்பித்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் நிறுத்திக்கொண்டேன்.

"அந்த வேட்டியோடயே பொதைச்சுடுங்கன்னு அழுதேன். அப்பாதான் குழியில எறக்குறப்ப உருவிகிட்டாரு. அடுத்த புள்ளைக்கு வேணும்னு." பிறகு, "எந்தம்பிங்களுக்கும் அப்புடித்தான் உருவுனாங்களாம்" என்றாள்.

அழுதால் தேவலை என்றிருந்தது எனக்கு. அவள் அழவில்லை. அப்போதுதான் படியேறி வைரக்கண்ணு வந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார், கையில் ஒரு மஞ்சள் பை.

"பொழைச்சுட்டான்னு மாப்ள போன் பண்ணுனாரு" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நம்ம வூட்டுல ஒரு ஆம்பளப் புள்ள பொழைச்சுட்டான் பாத்தியா தனம்" என்றார். "இப்பப் பாக்கலாம்ல? மொகத்தப் பாக்கலாம்ல?" என்று என்னிடம் கேட்டார்.

"பாக்கலாம் ஐயா" என்றேன்.

அவர் பையை மகளிடம் நீட்டினார். "பெரியவரு வேட்டி ஒரு பாதிதான ஒங்கிட்ட இருக்கு. மறுபாதியும் எடுத்தாந்துட்டேன். ஒண்ணு ஈரமானா மாத்திக்கலாம்ல." பையிலிருந்து அந்த வாடை குப்பென்று வந்தது.

தனம் அப்பாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். இப்போது சொல்லிவிடுவாள் என்று எனக்குப் பதறியது. இரண்டு பிள்ளைகளையும் ஒரு பேரனையும் எது கொண்டுபோனது, அதைப் பெட்டியில் வைத்துக் காத்தது யார், தீரத்தீர உருண்டை வாங்கி வந்து போட்டது யார் என்று அவள் சொன்னால் அந்த மனிதர் அங்கேயே உட்கார்ந்துவிடுவார். அவள் உதடு ஒருமுறை அசைந்தது. பிறகு கையை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டாள்.

"உள்ள போங்கப்பா" என்றாள். "கைய நல்லாக் கழுவிகிட்டுப் போங்க. கண்ணத் தொறந்துகிட்டுதான் இருக்கான்."

அவர் குழாயடியில் முழங்கை வரை கழுவிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். தனம் பையைத் தன் உடம்பில் படாமல் கையை நீட்டிப் பிடித்தபடி படியிறங்கினாள்.